ஆறு பாய்களும் ஓர் ஆசிரியரும்: தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளின் செயல்வழிக் கற்றல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ஈராசிரியர் பள்ளி அரிதான ஒன்றன்று. ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள், அவற்றுக்கு இரண்டு ஆசிரியர்கள், அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர் என்பதே பல ஊர்களில் இன்றும் நிலைமை. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்றுதான் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையும் வகுத்துள்ளது. தலைமையாசிரியர் கூட்டம், பயிற்சி, விலையில்லாப் பொருள்கள் என்று வெளியே செல்லும் நாள்களில் ஐந்து வகுப்புகளும் ஒரே ஆசிரியரிடம் வந்து சேர்கின்றன. மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லித்தரும் அரை மணி நேரத்தில் மற்ற நான்கு வகுப்புகளும் ‘பார்த்து எழுது’ என்ற கட்டளையின் கீழ்க் காத்துக்கிடக்கின்றன. அந்தக் காத்திருப்பை நாள்தோறும் கூட்டிப் பார்த்தால், ஒரு குழந்தையின் தொடக்கக் கல்வியில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துபோவது தெரியும்.

கற்றல் மையங்கள் இந்தக் காத்திருப்புக்கு ஒரு விடை. வகுப்பறையைச் சில இடங்களாகப் பிரித்து, ஒவ்வோர் இடத்துக்கும் உரிய வேலையையும் பொருளையும் அங்கேயே வைத்து, சிறு குழுக்களாகப் பிள்ளைகள் தாமே வேலையைத் தொடங்கவும் முடிக்கவும் வழிசெய்துவிட்டால், ஆசிரியர் எல்லோருக்கும் பொதுவாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவர் தேவைப்படுகிற இடத்தில் உட்காரலாம். உலகின் பல நாடுகளில் இம்முறை வெவ்வேறு பெயர்களில் உள்ளது. தமிழ்நாட்டில் இது செயல்வழிக் கற்றல் என்ற பெயரில், ஒரு மாநிலத்தின் அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகள் முழுவதையும் தழுவியதாக நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு பெரிய அளவில் வசதி குறைந்த பள்ளிகளில் கற்றல் மையங்கள் முயன்று பார்க்கப்பட்டதற்கு எடுத்துக்காட்டுகள் மிகக் குறைவு என்பதால் அதையே இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

அந்த அனுபவத்தைப் பார்த்து நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கற்றல் மையம் வெற்றி பெற்ற பள்ளிகளில் எல்லாம் ஆசிரியருக்கு ஒரே ஒரு குழுவோடு தரையில் உட்கார்ந்திருக்க நேரம் கிடைத்திருக்கிறது. தோற்ற பள்ளிகளில், அட்டைகளும் மூலைகளும் குறைவின்றி இருந்தபோதும், அந்த நேரம் வேறு எதற்கோ பறிபோயிருக்கிறது. கற்றல் மையம் என்பது ஆசிரியரின் கவனத்தைப் பங்கிடும் ஏற்பாடு. மற்ற பொருள்கள் அனைத்தும் அந்தப் பங்கீட்டுக்கு உதவத்தான் இருக்கின்றன.

வேர்கள்

இம்முறை எந்த அலுவலக அறையிலும் தோன்றியதன்று. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் கல்வியாளர் டேவிட் ஆர்ஸ்பரோ 1972இல் தொடங்கிய நீல்பாக் பள்ளியில், வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் அவரவர் வேகத்தில் கற்றனர். அங்கே பயிற்சி பெற்ற பத்மநாப ராவ், ரமா இணையர் ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில், சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பாடங்களைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, அட்டைகளை ஓர் ஏணியின் படிகளாக வரிசைப்படுத்தினர். அதனைப் பின்பற்றி 1995இல் மைசூரு மாவட்டத்தின் எச்.டி. கோட்டை வட்டத்தில் யுனிசெப் துணையுடன் ‘நலி கலி’ என்ற கற்றல் திட்டம் தொடங்கியது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்ததும், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கிப் பணியாற்றியதும் இந்த வரலாற்றின் மற்றொரு கிளை. செயல்வழிக் கற்றல் வகுப்பறைகளில் புழங்கிய மணிகளும் எண்ணட்டைகளும் அவருடைய மரபிலிருந்து வந்தவை.

1990களில் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமைக் குழந்தைத் தொழிலாளர்களை மீட்டுப் பள்ளியில் சேர்க்கும் பணியில் ஈடுபட்ட எம்.பி. விஜயகுமார், 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தார். ஒருபோதும் பள்ளிக்குச் செல்லாத பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்து எல்லோரோடும் சேர்த்துப் பாடம் நடத்தினால் அவன் ஒரு வாரத்தில் ஓடிவிடுவான் என்பது அந்தப் பணியில் இருந்த எவருக்கும் தெரிந்த செய்தி. மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கு அனுப்பப்பட்டனர். திரும்பி வந்தவர்களே தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஏற்ற அட்டைகளைக் கையால் எழுதி உருவாக்கினர். 2003-04இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய முறை அடுத்த ஆண்டே மாநகராட்சியின் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. பின்னர் விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். 2006-07இல் ஒவ்வோர் ஒன்றியத்திலும் சில பள்ளிகள் என்று தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒன்று முதல் நான்கு வகுப்புகள் வரை செயல்வழிக் கற்றல் நடைமுறைக்கு வந்தது.

கையால் அட்டை எழுதிய ஆசிரியர்கள் என்ற செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நேர்ந்த பலவற்றுக்கு அது விளக்கம் தருகிறது.

அறையின் அமைப்பு

செயல்வழிக் கற்றல் வகுப்பறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது, மேசையும் நாற்காலியும் ஓரம் போய்விட்டதுதான். தரையில் பாய்கள் விரிக்கப்பட்டிருக்கும். ஆசிரியரும் பாயில்தான் அமர்வார். சுவரின் அடிப்பகுதியில், ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் கை எட்டும் உயரத்தில், அறையைச் சுற்றிலும் கறுப்பு வண்ணம் பூசிக் கீழ்மட்டக் கரும்பலகை அமைத்திருப்பார்கள். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் உண்டு. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்ட கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்தவையும் எழுதியவையும் தொங்கும். வருகைப் பதிவைப் பிள்ளைகளே குறிப்பார்கள். அன்றைய வானிலையையும் அவர்களே ஒரு படத்தில் அடையாளமிடுவார்கள்.

சுவரோரமாக அடுக்குகளில் எண்ணிட்ட தட்டுகள் இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் ஒரே வகைச் செயலுக்கான அட்டைகள். அட்டையின் மூலையில் விலங்கோ பறவையோ வண்டியோ ஏதேனும் ஒரு சின்னமும் ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். சுவரில் மாட்டிய கற்றல் ஏணியிலும் அதே சின்னமும் எண்ணும் உண்டு. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, சின்னத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு, நேராக உரிய தட்டுக்குச் சென்று தன் அட்டையை எடுத்து வந்துவிடும். ஏணி பல மைல்கற்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு மைல்கல்லிலும் அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு என்று படிகள் வரும். மதிப்பீட்டில் தேறாதவருக்குக் குறைதீர் கற்றல், தேறியவருக்குச் செறிவூட்டல். எந்தப் பிள்ளையும் முந்தைய மைல்கல்லைத் தாண்டாமல் அடுத்ததற்குச் செல்வதில்லை. காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை திரும்பி வந்ததும், விட்ட படியிலிருந்தே தொடரலாம். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோரோடு இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த ஓர் அம்சமே பெரிய வரமாக இருந்தது என்று நான் கருதுகிறேன்.

ஏணியின் எந்தப் படியில் நிற்கிறாய் என்பதைப் பொறுத்து எந்தப் பாயில் அமர வேண்டும் என்பது முடிவாகும். குழுக்கள் ஆறு. முதற்குழு ஆசிரியரின் முழு உதவியோடு கற்பது. இரண்டாவது ஆசிரியரின் பகுதி உதவியோடு. மூன்றாவது சக மாணவரின் முழு உதவியோடு. நான்காவது சக மாணவரின் பகுதி உதவியோடு. ஐந்தாவது தனித்துக் கற்பது. ஆறாவது மதிப்பீட்டுக்கு உரியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் நான்காம் வகுப்புப் பிள்ளையும் ஒரே அறையில் கலந்து இருப்பர். வெளிநாட்டுக் கற்றல் மையங்கள் பலவற்றில் வாசிப்பு மூலை, கணித மூலை என்று பாடப்பொருளை வைத்து இடம் பிரிப்பார்கள். இங்கே ஒரு குழந்தைக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை வைத்து இடம் பிரிக்கப்பட்டது. என் பார்வையில் செயல்வழிக் கற்றலின் மிகச் சிறந்த சிந்தனை இதுதான். ஆசிரியர் எங்கே உட்கார வேண்டும், எங்கே உட்கார வேண்டியதில்லை என்பதை அறையின் அமைப்பே சொல்லிவிடுகிறது.

ஒரு பிழையின் பயணம்

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே ஒரு பிழையைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் அனைவரும் அறிந்த பிழை அது: ‘நாற்பத்தேழு’ என்று சொன்னால் பிள்ளை 407 என்று எழுதும். சொல்வதைக் கேட்ட வரிசையிலேயே எழுதுவதால் வருகிற பிழை. நாற்பது என்று காதில் விழுந்ததும் 40 எழுதியாயிற்று. ஏழு விழுந்ததும் பக்கத்தில் 7 எழுதியாயிற்று. குழந்தையின் தர்க்கத்தில் இதில் எந்தக் குறையும் இல்லை. 40 பிள்ளைகளின் சொல்வதெழுதுதல் ஏடுகளைத் திருத்தும் ஆசிரியர் அங்கே ஒரு சிவப்புப் பெருக்கல் குறியைப் போடுவார். ஏன் தவறு என்பது குழந்தைக்குத் தெரியாது. மறுநாள் 63 என்பதை 603 என்று எழுதும்.

முதற்பாயில் ஆசிரியரோடு நான்கைந்து பிள்ளைகளே அமர்ந்திருக்கும்போது 407 எழுதப்படும் கணத்திலேயே அவர் கண்ணில் படுகிறது. நான் பார்த்த ஒரு வகுப்பறையில் ஆசிரியை எதையும் அழிக்கச் சொல்லவில்லை. பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டுகளையும் உதிரிக் குச்சிகளையும் சிறுமியின் முன் தள்ளி, ‘நாற்பத்தேழு குச்சி எடு’ என்றார். சிறுமி நான்கு கட்டுகளையும் ஏழு உதிரிகளையும் சரியாக எடுத்து வைத்தாள். ஆக, அளவு அவளுக்குத் தெரிகிறது, எழுத்தில்தான் சிக்கல். பிறகு எண்ணட்டைகள் வந்தன. 40 என்பது நீளமான அட்டை, 7 என்பது அதில் பாதி அகலமுள்ள அட்டை. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தபோது 407 என்று வந்தது. சிறுமி எழுதியதும் அதையேதான். அடுத்து, 7 அட்டையை எடுத்து 40 அட்டையின் மேல், வலப்புற ஓரம் பொருந்துமாறு வைத்தார். பூஜ்யம் மறைந்து 47 தெரிந்தது. சிறுமி மேலட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பூஜ்யம் அங்கேயே இருந்தது. மறுபடி மூடினாள், மறுபடி தூக்கினாள். ‘உள்ள இருக்கு டீச்சர்’ என்றாள்.

இந்த உரையாடலுக்குச் சில நிமிடங்களே ஆயின. ஆனால் அந்தச் சில நிமிடங்களும் இடையூறில்லாமல் கிடைக்க வேண்டுமானால், அறையில் இருக்கும் மற்ற 35 பிள்ளைகளும் தம் வேலையில் இருக்க வேண்டும். மற்ற ஐந்து பாய்களின் தேவை இங்கேதான் தெரிகிறது. சிறுமி அடுத்து இரண்டாம் பாய்க்குச் செல்கிறாள். அங்கே கட்டுகளும் குச்சிகளும் படமாக வரைந்த அட்டைகளைப் பார்த்து எண்களை எழுதுகிறாள். ஆசிரியர் அவ்வப்போது ஒரு பார்வை பார்த்தால் போதும். மூன்றாம் பாயில் அந்த மைல்கல்லை முன்பே தாண்டிய ஒரு பையன் எண்ணைச் சொல்ல, அவள் அட்டைகளை அடுக்குகிறாள். நான்காம் பாயில் அவளே செய்து, ஐயம் வந்தால் மட்டும் பக்கத்தில் கேட்கிறாள். ஐந்தாம் இடத்தில் அட்டையைத் தனியே எடுத்துச் சென்று, கீழ்மட்டக் கரும்பலகையில் தன் கட்டத்தில் எழுதுகிறாள். ஆறாவதில் மதிப்பீட்டு அட்டை. ஒரே கருத்தை, குறைந்துகொண்டே வரும் உதவியோடு, ஆறு முறை வெவ்வேறு விதமாகச் செய்திருக்கிறாள். பழைய முறையில் அந்தக் கருத்து அவள் வாழ்வில் ஒரே ஒரு முறை, ஒரு பாடவேளையில் கடந்துபோயிருக்கும்.

இதே பிழை நூறுகள் வரும்போது திரும்ப வரும் என்பதையும் அனுபவமுள்ள ஆசிரியர்கள் அறிவர். ‘நூற்று நாற்பத்தேழு’ என்றால் 10047 என்று எழுதுவார்கள். அதற்குப் புதிய விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை. 100 என்ற மூன்று மடங்கு நீள அட்டையின் மேல் 40, அதன் மேல் 7 என்று தன்னால் அடுக்க முடிகிற பிள்ளை பெரும்பாலும் தானே திருத்திக்கொள்கிறது. பொருளில் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் வழி உள்ளடங்கியிருந்தால்தான் ஆசிரியர் இல்லாத பாய்களில் கற்றல் நடக்கும். வெறும் வினா அச்சிட்ட அட்டை அந்த வேலையைச் செய்யாது.

இந்த இடத்தில் சக மாணவர் உதவி பற்றிச் சில சொற்கள் சொல்லியாக வேண்டும். மூன்றாம் பாய்தான் ஆறில் மிகவும் பலவீனமானது. உதவி செய் என்று சொல்லப்பட்ட பையன் விடையைச் சொல்லிவிடுவான். அல்லது பென்சிலை வாங்கித் தானே எழுதிவிடுவான். அவனுக்கு அது உதவிதான். ‘விடை சொல்லாதே, எண்ணை மட்டும் சொல், அவள் வைத்ததும் எண்ணிப் பார்’ என்று உதவும் முறையையே தனியாகக் கற்றுத்தந்த வகுப்பறைகளில் இந்தப் பாய் உயிரோடு இருந்தது. கற்றுத்தராத வகுப்பறைகளில் அது பார்த்து எழுதும் இடமாக மாறியது. ஆசிரியர் பயிற்சிகளில் ஏணிக்கும் சின்னத்துக்கும் கிடைத்த நேரத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

விரிவாக்கமும் விரிசலும்

13 பள்ளிகளிலிருந்து 37,000 பள்ளிகளுக்கு நான்கே ஆண்டுகளில் செல்வது அரசு நிர்வாகத்தின் பெரும் சாதனை. அந்த வேகம் இல்லாவிட்டால், நல்ல முயற்சிகள் பலவற்றைப் போல இதுவும் ஒரு மாதிரிப் பள்ளியின் வளாகத்துக்குள்ளேயே நின்றுபோயிருக்கும். ஆனால் அதே வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. முதல் பள்ளிகளின் ஆசிரியர்கள் அட்டைகளைத் தாமே எழுதியவர்கள். எந்த அட்டை எதற்காக இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஓர் அட்டை தொலைந்தால் மாலையில் இன்னொன்று எழுதி வைத்துவிடுவார்கள். விரிவாக்கத்தில் இணைந்த பள்ளிகளுக்கு அட்டைகள் அச்சிட்டுக் கட்டுகளாக வந்து இறங்கின. வட்டார வள மையத்தில் சில நாள் பயிற்சி. மாநிலத்தில் கற்றவர் மாவட்டத்தில் சொல்ல, மாவட்டத்தில் கேட்டவர் ஒன்றியத்தில் சொல்ல, கடைசியாகப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது எந்தக் குழு எந்தப் பாயில் என்ற விதி மட்டுமே. ஏன் என்ற கேள்வி வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

அட்டைகள் கிழிந்தன. பிள்ளைகள் நாள்தோறும் கையாளும் பொருள் கிழியாமல் இருந்தால்தான் வியப்பு. ஒரு தட்டில் இரண்டு அட்டைகள் குறைந்தால், ஏணியில் அந்தப் படிக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் அங்கே வரிசையில் நிற்பார்கள். அல்லது படியைத் தாண்டிக் குதிப்பார்கள். புதிய அட்டை மேலிடத்திலிருந்துதான் வர வேண்டும் என்று காத்திருந்த பள்ளிகளில் ஏணி பாதியில் அறுந்தது. தாமே வெள்ளை அட்டையில் எழுதி வைத்துக்கொண்ட பள்ளிகளில் அறுபடவில்லை. இந்த இரண்டு வகைப் பள்ளிகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு, வசதி பற்றியதாக இருக்கவில்லை. அட்டையில் கைவைக்க எனக்கு உரிமை உண்டு என்று ஆசிரியர் நம்பினாரா என்பது பற்றியதாக இருந்தது.

அடுத்தது ஆய்வு அலுவலரின் வருகை. வந்தவர் பார்க்கக்கூடியவை கம்பிப் பந்தலில் தொங்குபவையும், சுவரில் மாட்டியவையும், நிரப்பிய அடைவுப் படிவங்களும். முதற்பாயில் நடக்கும் உரையாடலின் தரத்தை ஒரு கால்மணி நேரப் பார்வையில் அளக்க இயலாது. எனவே அளக்கக்கூடியவை வளர்ந்தன. ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பாடத்தில் எந்த மைல்கல்லில் நிற்கிறது என்று எழுதிவைக்கும் பதிவேடு, நல்ல ஆசிரியருக்குப் பயனுள்ள கருவி. அதுவே மேலிடத்துக்கு அனுப்பும் புள்ளிவிவரமாக மாறியபோது, பிள்ளைகள் பாயில் இருக்க, ஆசிரியர் பதிவேட்டோடு அமர்ந்தார். முதற்பாயில் ஆசிரியர் இல்லாமல் போன நாளிலேயே மற்ற ஐந்து பாய்களும் பொருளிழந்துவிடுகின்றன. அதன் பிறகு அங்கே இருப்பது அமைதியான, வண்ணமயமான காத்திருப்பு மட்டுமே.

பெற்றோரின் குறையையும் அலட்சியம் செய்ய இயலாது. பையில் புத்தகம் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, டீச்சர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். பக்கத்து ஊர் ஆங்கிலவழிப் பள்ளி வேன் வாசலில் வந்து நிற்கும் காலத்தில் இந்தக் குறைக்குப் பதில் சொல்லாமல் விட்டது பெரிய பிழை. மாதம் ஒருமுறை பெற்றோரை வகுப்பறைக்குள் அழைத்து, பிள்ளையே தன் ஏணியைக் காட்டித் தான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லவைத்த தலைமையாசிரியர்களிடம் இந்தக் குறை எழவில்லை. முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் 2012-13இல் வந்த பின்னர், அட்டைகளைப் பாடநூலோடு இணைத்து, எளிமைப்படுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல் என்ற வடிவம் நடைமுறைக்கு வந்தது. பாடநூல் பைக்குள் திரும்பியது. ஏணியின் பிடி தளர்ந்தது.

பயன் விளைந்ததா என்ற கேள்விக்கு நேர்மையான விடை, ஒரே சொல்லில் இல்லை. அனைவருக்கும் கல்வி இயக்கம் ஏற்பாடு செய்த மதிப்பீடுகள் அடைவில் முன்னேற்றத்தைக் காட்டின. அதே ஆண்டுகளில் பிரதம் என்ற தொண்டு அமைப்பு ஊரகப் பிள்ளைகளிடம் நடத்திய ‘அசர்’ கற்றல்நிலைக் கணக்கெடுப்புகள், தமிழ்நாட்டின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தடுமாறியதைக் காட்டின. இரண்டாவது செய்தியைக் கண்டு முறையே தோற்றது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. அது அவசர முடிவு. ஓரளவு வசதியுள்ள குடும்பங்கள் தனியார் பள்ளிகளுக்கு நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. அரசுப் பள்ளியில் எஞ்சியிருந்த பிள்ளைகளில் முதல் தலைமுறையாகப் படிப்பவர்களின் பங்கு கூடிக்கொண்டே வந்தது. தவிரவும், பாய் விரித்து அட்டை அடுக்கிய பள்ளிகள் எல்லாம் இம்முறையைக் கடைப்பிடித்ததாகவே கணக்கில் வந்தன. முதற்பாயில் ஆசிரியர் அமர்ந்தாரா என்று எந்தக் கணக்கும் கேட்கவில்லை. எனினும், வாசிப்பில் தெரிந்த பின்னடைவை முறையின் ஆதரவாளர்கள் முழுதும் தள்ளிவிடுவதும் சரியாகாது. அட்டைகள் எழுத்தையும் சொல்லையும் நன்கு கற்பித்தன. தொடர்ந்து வாசிக்க நீண்ட கதைகளும் பத்திகளும் அவற்றில் குறைவாகவே இருந்தன. சொல்லோடு நின்ற குழந்தை பத்தியின் முன் திணறியதில் வியப்பில்லை.

பெருந்தொற்றுக்குப் பிறகு

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. எழுத்தே அறியாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை முன்வைத்து 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கும், அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளாகக் குழுவாக்கப்படுகின்றனர். கதை, பாடல், பொம்மலாட்டம், வாசிப்பு என்று களங்கள் அறையில் அமைக்கப்படுகின்றன. பெயர் புதியதானாலும் அடிப்படை பழையதே: வயதையும் வகுப்பையும் விட நிலை முக்கியம், அறை ஒரே திசையைப் பார்த்து உட்கார வேண்டியதில்லை. ஆறு பாய்கள் மூன்று நிலைகளாகக் குறைந்திருப்பது ஆசிரியருக்கு எளிது. ஆனால், உதவியின் அளவை வைத்து இடம் பிரித்த பழைய சிந்தனை இதில் மங்கிவிட்டது. அரும்பு நிலைப் பிள்ளைகளோடு ஆசிரியர் உட்காரும் நேரத்தில் மலர் நிலைப் பிள்ளைகள் கையில் என்ன இருக்கிறது என்பதே ஒவ்வொரு வகுப்பறையிலும் கேட்க வேண்டிய கேள்வி. பயிற்சி நூலின் பக்கம் மட்டுமே இருந்தால் அது பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். செயலிவழி மதிப்பீட்டுக்காக ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே கைப்பேசியின் முன் அழைக்க வேண்டிய நாள்களில், பழைய பதிவேட்டின் கதையே வேறு உருவில் நடக்கிறது.

இன்று தொடங்க விரும்பும் ஆசிரியருக்கு

ஆறு பாய்களையும் ஒரே நாளில் விரிக்க வேண்டியதில்லை. இரண்டு இடங்கள் போதும்: ஆசிரியர் அமரும் ஒன்று, ஆசிரியர் இல்லாமல் நடக்கும் ஒன்று. இரண்டாவது இடம்தான் கடினமானது. எனவே அதை முதலில் நிலைநிறுத்த வேண்டும். பிள்ளைகள் முன்பே நன்கு அறிந்த வேலையையே அங்கே வைக்க வேண்டும். புதிய பாடத்தை ஆசிரியர் இல்லாத பாயில் வைத்தால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ‘டீச்சர், இது எப்படி?’ என்று ஒரு பிள்ளை எழுந்து வரும்; முதற்பாயின் வேலை அத்தோடு முடிந்தது. பொருளை எங்கிருந்து எடுப்பது, முடித்ததும் எங்கே வைப்பது, ஐயம் வந்தால் முதலில் யாரைக் கேட்பது, வேலை முடிந்தால் அடுத்து என்ன செய்வது என்ற நான்கையும் பாடம் எதுவும் இல்லாமல் ஒரு வாரம் பழக்குவது வீண்செலவு ஆகாது. அந்த ஒரு வாரத்தை ஒதுக்க மனமில்லாத பள்ளிகளில் மையங்கள் ஒரு மாதத்துக்கு மேல் நிலைத்ததை நான் கண்டதில்லை.

முதற்பாயில் ஒரே நேரத்தில் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அங்கே அமரும் நேரம், குறைந்தது இருபது நிமிடம், வேறு எவருக்கும் உரியதன்று. கையெழுத்துக்கு வருபவரும் கைப்பேசி அழைப்பும் காத்திருக்கலாம். தலைமையாசிரியரே ஒரு வகுப்பை எடுக்கும் ஈராசிரியர் பள்ளியில், ஒருவர் முதற்பாயில் இருக்கும் நேரத்தில் மற்றவர் வாசல் வேலைகளைப் பார்ப்பது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டால் போதும். இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

பொருள்களில் விலை குறைந்தவையே நெடுநாள் நிற்கின்றன. ஈர்க்குச்சி, புளியங்கொட்டை, பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம், திருமண அழைப்பிதழின் கெட்டி அட்டை ஆகியவை எல்லா ஊரிலும் கிடைப்பவை. நூலகப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும் கதைப் புத்தகங்களை வெளியே எடுத்து வாசிப்புப் பாயில் வைக்கலாம். பழைய ஏணியில் இருந்த பெரிய குறை அதனால் தீரும். பள்ளிக்கு வரும் மானியத்தில் கற்றல் பொருள்களுக்கு ஒதுக்குவதில் ஒரு பகுதியை அச்சிட்ட படங்கள் வாங்கச் செலவிடாமல், வெற்று அட்டைகளும் எழுதுகோல்களும் வாங்கி, ஒவ்வொரு தட்டிலும் பத்து வெற்று அட்டைகளை எப்போதும் வைத்திருக்க வேண்டும். கிழிந்த அட்டைக்கு மாற்றாக அன்று மாலையே ஒன்றை எழுதலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம். 47-க்குக் கேள்வி அட்டை எழுதுகிற பிள்ளை, அதைத் தவறாகப் புரிந்துகொள்ளும் வழிகளையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. முதற்பாயில் அன்று கண்ட பிழை மறுநாள் ஐந்தாம் பாயின் அட்டையில் ஒரு கேள்வியாக வந்திருக்க வேண்டும் என்பதை ஆசிரியர் தமக்கு விதியாக வைத்துக்கொண்டால், ஏணியில் எந்தப் படி குறைகிறது என்பது பருவம் முடிவதற்குள் அவருக்கே தெரிந்துவிடும்.